நீலப் புள்ளிகள்

9 மே 2025, வெள்ளி. கார் நிக்கோபார்

பவர் ஹவுஸில் காலை ஷிப்டு. இரண்டாம் நம்பர் ஜெனரேட்டர் மறுபடி இருமுகிறது. ஃபில்டர் கேட்டு மூன்று கடிதம் போட்டாயிற்று. கப்பலில் வருகிறதாம். இந்தத் தீவில் எல்லாமே கப்பலில்தான் வருகிறது, அதனால் எதுவுமே வருவதில்லை.

உமாவின் நிழல் மட்டும் ஏழு மணிக்கே வந்துவிட்டது. போர்ட் பிளேரிலிருந்து வீடியோ காலில் பேசினால் அவள் முகம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிடும். வாய் திறந்தபடி உறைந்துபோன பெண்டாட்டியைப் பார்த்து "கேக்குதா? கேக்குதா?" என்று கத்துவதை விட்டு மாதக்கணக்காகிறது. ஆனால் ஹாப்லைன் என்ற போன் விளையாட்டில் அவள் ஒரு கட்டத்தை ஓடி முடித்து அனுப்பினால், அந்த ஓட்டம் அப்படியே என் போனில் இறங்கிவிடும். நான் ஆடும்போது பக்கத்தில் மங்கலான ஒரு பெட்டியாக அவளும் ஓடுவாள், அதுதான் நிழல். சின்ன ஃபைல். இங்கே இருக்கும் நெட்டுக்கு அதுதான் லாயக்கு.

விஜயன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். எங்கள் லைன்மேன், குவார்ட்டர்ஸில் என் அறைத் தோழன். "பொட்டி அதுவாத்தான ஓடுது, நீங்க என்ன சார் செய்தீய?" என்றான்.

சொன்னேன். பெட்டி நிற்காது. பாட்டும் நிற்காது. நம் கையில் இருப்பது ஒரே ஒரு தொடுதல்தான், அதைத் தாளத்தில் தொட வேண்டும். முதல் பகுதியில் தொட்டால் தாவும். அடுத்ததில் அதே பெட்டிக்கு இறக்கை முளைக்கும். பிடித்தால் ஏறும், விட்டால் இறங்கும். பிறகு தொடத் தொடத் தரை கூரையாகும், கூரை தரையாகும். கடைசியில் கோடாக மாறி வெட்டி வெட்டிப் பாயும். எங்கே தவறினாலும் முதலிலிருந்து.

"இதுக்கா சார் இன்ஜினியரிங் படிச்சீய?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனான்.

22 மே, வியாழன்

'கிளாஸ் ரெயின்' கட்டத்தில் உமாவின் நிழலோடு இருபது தடவை ஓடினேன். பதினெட்டில் செத்தேன்.

ஒரே பாட்டு, ஒரே தடைகள். ஆனாலும் இரண்டு பேர் ஒரே மாதிரி ஆடுவதில்லை. பறக்கும் இடத்தில் நான் நீளமாகப் பிடித்து நீளமாக விடுவேன், பெட்டி ஏறி இறங்கி ஏறும். அதற்கு உமா வைத்த பேர் ஊஞ்சல். அவள் பொடிப்பொடியாகத் தட்டுவாள், நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். அது தையல். தாவும் இடத்தில் நான் அவசரக்குடுக்கை, தாளம் விழுவதற்கு முன்பே எம்பிவிடுவேன். அவள் தாளத்தை முழுசாக விழவிட்டு, விளிம்பு முடிகிற கடைசி மயிரிழையில் தாவுவாள். "விழுந்துருவடி!" என்று ஆளில்லாத அறையில் கத்தியிருக்கிறேன்.

நிழலில், தொட்ட இடத்திலெல்லாம் புள்ளி விழும். திரையின் வலப்பாதியில் தொட்டால் சிவப்பு, இடப்பாதியில் நீலம். நான் ஒற்றைக் கட்டைவிரல் ஆள், எல்லாம் சிவப்பு. உமா வேகமான இடங்களில் இரண்டு கட்டைவிரலையும் மாற்றி மாற்றிப் போடுவாள். சிவப்பு நீலம் சிவப்பு நீலம். முதல் அடி மட்டும் எப்போதும் சிவப்பு. கேக்கின் மேல் க்ரீமில் பேர் எழுதுகிற கை அது. அபர்டீன் பஜாரில் புஷ்பா அக்கா பேக்கரியில் யார் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கினாலும் மேலே இருப்பது என் உமாவின் எழுத்துதான். இந்தியில் எழுதுவாள், பெங்காலியில் எழுதுவாள், தமிழில் எழுதும்போது மட்டும் இடம் போதவில்லை என்று திட்டுவாள்.

நூறு நிழலை ஓடவிட்டு இதில் உன் பெண்டாட்டி யார் என்று கேட்டால் மூன்று நொடியில் சொல்வேன். பெருமைதான். இந்த ஊரில் வேறு எதில் பெருமைப்பட?

3 ஜூன், செவ்வாய்

மழை. கப்பல் ரத்து. நாலு நாளாக நிழல் இல்லை. "பேக்கரில பஹுத் வேலை, கை ஓஞ்சு போச்சு" என்று மெசேஜ். நல்லது, தூங்கட்டும்.

11 ஜூன், புதன்

நிழல் வந்தது. சந்தோஷமாக ஓடவிட்டேன்.

இது உமா இல்லை.

மறுபடி ஓடவிட்டேன். எல்லாப் புள்ளியும் நீலம். ஒரு சிவப்பு கூட இல்லை. பறக்கும் இடத்தில் ஊஞ்சல், அதுவும் கோணல் ஊஞ்சல். தாவல் எல்லாம் தாளத்துக்கு முன்னால், பயந்து பயந்து. எப்படியோ தட்டுத்தடுமாறி முடித்திருக்கிறது.

"இது யார் ஆடினது?" என்று கேட்டேன்.

"நான்தான். ஏன்?"

ஒரு மணி நேரம் கழித்துத்தான் அந்தப் பதில் வந்தது. நெட் அப்படி. இல்லை, நெட் அப்படித்தானா?

19 ஜூன், வியாழன்

இந்த வாரம் ஐந்து வந்தன. ஐந்தும் நீலம். கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுகிறது, ஆனால் அது உமாவின் கை இல்லை. எட்டு வருடமாக அவள் ஆட்டத்தைப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் அவள் பின் பெஞ்சில் உட்கார்ந்து பேனாவால் மேசையைத் தட்டிய நாளிலிருந்து அவள் தாளம் எனக்குத் தெரியும். அதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இடதுகைக்காரன் எவனோ ஆடுகிறான். அவள் போனில். காலை ஏழு மணிக்கு.

பொங்கலுக்குப் போர்ட் பிளேர் போயிருந்தபோது, டெய்ரி ஃபார்ம் பகுதியில் எங்கள் வாடகை வீட்டு முற்றத்தில் கிரிக்கெட் ஆடினோமே. மாடிவீட்டு அஸ்வின், வீட்டுக்காரரின் பையன், இருபத்தைந்து வயசு இருக்கும். இடது கையால் பந்து போட்டான். அவனுக்கு ஹாப்லைனை அறிமுகம் செய்ததே நான்தான். இன்று அவன் பேரைத் தேடி எடுத்து அவன் ஓட்டத்தை ஓடவிட்டேன்.

ஊஞ்சல். முந்திக்கொண்டு தாவல். நீலம்.

டீ கூடக் குடிக்க முடியவில்லை. சே, நான் என்ன நினைக்கிறேன்? உமாவையா? உமாவையா இப்படி நினைக்கிறேன்?

20 ஜூன்

நினைக்கிறேன்.

28 ஜூன், சனி

விஜயனின் குடும்பமும் போர்ட் பிளேரில்தான். மகளுக்குப் பிறந்தநாள் கேக் வாங்கினார்களாம். போட்டோ காட்டினான். மேலே எழுத்து கோணல்மாணலாக, வேறு யாரோ எழுதியது.

"ஒங்க வீட்டுக்காரம்மா இப்ப பேக்கரிக்கு வாரதில்லையாம்லா சார்? ஒரு மாசமாச்சுன்னு எம் பொண்டாட்டி சொல்லுதா."

எனக்குத் தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன். மானம் போகக்கூடாதல்லவா. அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். கொஞ்ச நேரம் காதைக் குடைந்துவிட்டு, "மாடிவீட்டுத் தம்பி பைக்ல கூட்டிட்டுப் போவான் போல. ஒதவியா இருக்கான்" என்றான். அவன் மனசில் எந்தக் கள்ளமும் இல்லாமல்தான் சொன்னான்.

6 ஜூலை, ஞாயிறு

போனில் பேசினோம். குரல் மட்டும், வீடியோ வேண்டாம் என்று அவளே சொன்னாள்.

"பேக்கரி எப்டிப் போகுது?" என்றேன்.

"சப் டீக் ஹை. எப்பவும்போலதான்."

பொய் சொல்லும்போது உமாவுக்கு இந்தி வரும். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் பொய் சொன்னபோதும் அப்படித்தான். அரைப் பொய்க்கு ஒரு வார்த்தை, முழுப் பொய்க்கு முழு வாக்கியம்.

"ஸ்கூட்டிலயா போற?"

"ம்."

அதுவும் பொய்.

7 ஜூலை, திங்கள்

செய்துவிட்டேன். என்ன செய்தேன் என்று எழுதி வைக்கிறேன், பின்னால் மாற்றிச் சொல்லக்கூடாது.

மதிய ஷிப்டுக்கு முன்னால் அவளுக்கு எழுதினேன்: "உன் போன்ல தினம் காலைல ஆடறது யாருன்னு எனக்குத் தெரியும். அஸ்வின் நல்லாத்தான் ஆடுறான். இனிமே எனக்கு அனுப்ப வேணாம்."

பிறகு அவள் அனுப்பிய நிழல்களை அழித்தேன். எல்லாவற்றையும். மொத்தமாக அழிக்க ஹாப்லைன் விடாது, ஒவ்வொன்றாகத்தான். ஒவ்வொன்றுக்கும் 'நிச்சயமா?' என்று கேட்கும். நாற்பத்தொரு தடவை கேட்டது. நாற்பத்தொரு தடவையும் ஆமாம் என்றேன். ஓடினவர் போனில் கடைசி ஓட்டம் மட்டும்தான் நிற்கும். பழையதெல்லாம் வாங்கினவரிடம் மட்டுமே. இது தெரிந்துதான் அழித்தேன். நல்லா இருக்கட்டும். எல்லாரும் நல்லா இருங்க.

8 ஜூலை

"சரி" என்று ஒரே ஒரு வார்த்தை வந்தது. வேறெதுவும் இல்லை.

16 ஜூலை, புதன்

மறுத்திருக்கலாம். திட்டியிருக்கலாம். 'பைத்தியமா உனக்கு' என்று கேட்டிருக்கலாம். 'சரி' என்றால் என்ன அர்த்தம்? ஒத்துக்கொள்கிறாளா? என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லையா?

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். கடல் கொந்தளிப்பு, கப்பல் இல்லை. ஹெலிகாப்டர் சீட் நோயாளிகளுக்குத்தான் முதலில். வரிசையில் என் பேர் இருபத்து மூன்று. விஜயன் என்னோடு பேசவே பயப்படுகிறான். நேற்று ஒரு ஸ்பேனரை விட்டெறிந்துவிட்டேன், அவன் மேல் இல்லை, சுவரில்.

2 ஆகஸ்ட், சனி. போர்ட் பிளேர்

நேற்று நடந்ததை நேற்று எழுத முடியவில்லை.

காலையில் ஹேடோ ஜெட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். கப்பலில் வரும்போதே பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கதவைத் தட்டினேன். திறப்பதற்கு வெகுநேரம் ஆனது. உள்ளே தாழ்ப்பாளோடு யாரோ மல்லுக்கட்டும் சத்தம். ஒளித்து வைக்க நேரம் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன்.

உமா திறந்தாள். இளைத்திருந்தாள். நைட்டிக்கு மேல் துண்டைக்கூட நேராகப் போட்டிருக்கவில்லை.

"எங்க அவன்?" என்றேன். மனப்பாடம் செய்ததெல்லாம் போய் வாயில் வந்தது அந்த இரண்டு வார்த்தைதான்.

"மேல இருக்கான். கூப்பிடவா?"

அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கையால் தன் வலது கையைத் தூக்கி, ஒரு சாமானை வைப்பதுபோல மேசைமேல் மல்லாத்தி வைத்தாள். கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிற மேட்டுச் சதை இல்லை. அந்த இடத்தில் குழி. ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் தோல் மட்டும் தொங்கியது.

"மூடு பாப்பம்" என்றேன். என் குரலா அது?

விரல்கள் பாதி வழி வந்து நின்றன. அதற்குள் அவள் நெற்றியில் வேர்த்துவிட்டது.

பிறகு இடது கையை என் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். "இவன்தான் உன் அஸ்வின். பத்து நாள் பழக்கினேன் இவன. ஒரு கட்டம் முடிக்க முந்நூறு தடவ செத்தேன்."

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்டி சொல்லல? ஏன் சொல்லல?"

"கழுத்து நரம்பு அமுங்கியிருக்குன்னாங்க மொதல்ல. ரெண்டு மாசத்துல சரியாயிரும்னாங்க. அதுக்குள்ள உங்கிட்டச் சொல்லி, நீ அங்க உக்காந்து கப்பல் இல்ல, ஹெலிகாப்டர் இல்லன்னு சுவத்துல முட்டிக்கிட்டு... எதுக்கு?" மேசைமேல் கிடந்த வலது கையை இடது கையால் மடிக்கு எடுத்துக்கொண்டாள். "காலைல நிழலப் பாத்துட்டு ரெண்டு வரி எழுதுவல்ல, இன்னைக்குத் தையல் ஏ ஒன் அப்டின்னு. அத விட மனசு வரல டா. இந்தக் கைக்கும் தையல் வந்துரும்னு பாத்தேன். வரல."

ஸ்கூட்டி ஆக்சிலரேட்டரைப் பிடிக்க முடியவில்லை, அதனால் அஸ்வின் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறான். க்ரீம் பையைப் பிழிய முடியவில்லை, அதனால் பேக்கரி நின்றது. எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், அது என் கண்ணெதிரே கிட்டத்தட்ட ஒரு மாதமாகப் புள்ளி புள்ளியாக ஓடியிருக்கிறது. நூறு நிழலில் மூன்று நொடியில் கண்டுபிடிப்பேன் என்று எழுதிய வாய்! தூ.

கொஞ்ச நேரத்தில் அஸ்வினே மாத்திரை டப்பாவோடு கீழே வந்தான். "அண்ணா, எப்ப வந்தீங்க? அண்ணிக்கு நாளைக்கு பிசியோ இருக்கு, பத்து மணிக்கு" என்றான். அவனைப் பார்க்க முடியாமல் தண்ணீர் குடிப்பதுபோல உள்ளே போய்விட்டேன்.

"என்ன மன்னிச்சுரு" என்று உமாவிடம் சொன்னேன்.

"டீ போடு மொதல்ல. ஒரு மாசமா ஃபிளாஸ்க் டீ குடிச்சு நாக்கு செத்துப்போச்சு."

அழித்ததைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

12 செப்டம்பர், வெள்ளி. சென்னை

ஊசி குத்திப் பார்க்கும் டெஸ்ட் இரண்டாவது முறை. டாக்டர் என்னைப் பார்த்து இங்கிலீஷில் பேசினார். "எங்கிட்டச் சொல்லுங்க டாக்டர், கை என்னோடது" என்றாள் உமா. அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு தமிழில் சொன்னார். மோட்டார் நியூரான் நோய். கழுத்து இல்லை, அமுங்கல் இல்லை. தசைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பே ஒவ்வொன்றாக அணைகிறது. வலது கையில் ஆரம்பித்திருக்கிறது. நிற்காது. எத்தனை வருஷம் என்று அவளே கேட்டாள். மூன்று, நாலு, சிலருக்கு அதற்கு மேலும், என்றார்.

வெளியே வந்து ஜூஸ் வேண்டும் என்றாள். சாத்துக்குடி. ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தேன்.

13 செப்டம்பர்

இன்று எதுவும் இல்லை.

27 அக்டோபர், திங்கள். போர்ட் பிளேர்

மாற்றல் ஆர்டர் கிடைத்துவிட்டது. இரண்டு வருடமாக நடையாய் நடந்தும் கிடைக்காதது, உமாவின் ரிப்போர்ட்டை வைத்ததும் ஒரே வாரத்தில். கார் நிக்கோபாரில் என் சாமான்களையெல்லாம் விஜயனே கட்டிக் கப்பலில் ஏற்றிவிட்டான். "நா அன்னைக்கி வாயத் தொறந்திருக்கப்படாது சார்" என்று போனில் அழுதான். அவன் சொன்னதெல்லாம் உண்மைதானே. பொய் என்னுடையது.

5 நவம்பர், புதன்

மாலை. பிசியோ முடிந்து வந்து படுத்திருந்தாள். திடீரென்று, "டேய், என் பழைய நிழல்ல ஒண்ணப் போடேன். சிவப்பும் நீலமுமா ஆடினது" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா. ரெண்டு கையும் இருந்தப்ப எப்டி ஆடினேன்னு பாக்கணும்போல இருக்கு. போட்டோல கை அசையாதே."

பழைய போனில் இருக்கிறது, அது கப்பலில் வரும் பெட்டிக்குள் இருக்கிறது என்றேன். கூசாமல் வந்தது பொய். எனக்கு இந்தி கூடத் தேவைப்படவில்லை.

"வந்ததும் போடு" என்று திரும்பிப் படுத்தாள்.

9 நவம்பர், ஞாயிறு

ஹாப்லைன்காரர்களுக்கு மெயில் போட்டிருந்தேன். அழித்த நிழலைத் திரும்ப எடுக்க வழியில்லை, வருத்தம் என்று பதில்.

ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. கேவலமான வழி. அவள் மாதிரி நான் ஆடிப் பதிந்து, அவள் ஓட்டம் என்று காட்டுவது. அவள் ஆட்டம் முழுசும் எனக்கு மனப்பாடம். எங்கே எந்த விரல், எங்கே எவ்வளவு பொறுப்பாள், எல்லாம்.

23 நவம்பர், ஞாயிறு

உமாவை அஸ்வினோடு பிசியோவுக்கு அனுப்பிவிட்டுப் பழகுகிறேன். ஆமாம், அஸ்வினோடு. நானே அனுப்புகிறேன்.

சிவப்பு நீலம் மாற்றிப் போடுவது நாலே நாளில் வந்துவிட்டது. தையல் பாதி வந்தது, கட்டைவிரல் வீங்கிவிட்டது. தாவல்தான் வரவே மாட்டேன் என்கிறது. தாளத்தை விழவிட வேண்டும், விழுந்த பிறகு தாவ வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் விளிம்பு நெருங்க நெருங்க என் விரல் அவசரப்படுகிறது. எதையும் முழுசாகக் கேட்டுவிட்டு அசையும் பழக்கம் எனக்கு எப்போது இருந்தது? ஒரு வாரம் பொறுத்திருந்தால் போதுமே ஜூலையில். ஒரே ஒரு வாரம்.

14 டிசம்பர், ஞாயிறு

மேசையிலிருந்து போன் விழுந்தது. உமா குனிந்து பார்த்தாள், எடுக்கவில்லை. "எடுத்துக் குடு. இவனும் வேலைய ஆரம்பிச்சுட்டான்" என்றாள். இடது கை.

11 ஜனவரி 2026, ஞாயிறு

முடித்தேன். பழைய போனில் உமாவின் கணக்கில் நுழைந்து கிளாஸ் ரெயின் முழுவதும். நூல் பிடித்த பறத்தல், விளிம்பில் தாவல், முதல் அடி சிவப்பு. நானே ஓடவிட்டுப் பார்த்தேன். உமா ஓடினாள். அழுகை வந்துவிட்டது.

காட்டவா? இன்னும் ஒரு வாரம்.

18 ஜனவரி, ஞாயிறு

காட்டினேன்.

தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்த்தி, போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிஷம் நாற்பத்தெட்டு நொடி. அவள் இமைக்கவே இல்லை. முடிந்ததும், "இன்னொரு தடவ" என்றாள். மறுபடி ஓடியது. பறக்கும் இடம் வந்தபோது முகம் மாறியது.

"இது நீ" என்றாள்.

போனைக் கீழே வைத்தேன்.

"பறக்கும்போது நடுவுல நான் ஒரு அடி விடுவேன். மூச்சு விடறதுக்கு. பெட்டி லேசா எறங்கி ஏறும். நீ விடவே இல்ல. மூச்சப் புடிச்சுக்கிட்டே ஆடியிருக்க." என்னை நேராகப் பார்த்தாள். "என்னோடது எங்க?"

"அழிச்சிட்டேன்."

"எப்போ?"

"அந்த மெசேஜ் அனுப்பின அன்னிக்கு."

"எல்லாமா?"

"நாப்பத்தொண்ணு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடிக்கக் கை இல்லையே அவளுக்கு. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "ஒண்ணையாச்சும் வச்சிருந்திருக்கலாம்ல டா. ஒண்ணே ஒண்ணு" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேசவில்லை.

22 ஜனவரி

பேசவில்லை. சோறு ஊட்டினால் வாய் திறக்கிறாள். புஷ்பா அக்கா பன்னும் கேக்கும் எடுத்துக்கொண்டு வந்தார், அவரிடம் சிரித்துப் பேசினாள். என்னிடம் இல்லை. நியாயம்தான். நியாயம் என்று எழுதிவிட்டால் வலிக்காமல் இருக்குமா?

27 ஜனவரி, செவ்வாய்

காலை ஏழு மணி. டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து, "போன எடுத்துட்டு வா" என்று குரல்.

ஒன்பது நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. டீயைக் கொட்டிக்கொண்டு ஓடினேன்.

"ஆடு. நான் சொல்றேன்."

8 பிப்ரவரி, ஞாயிறு

தினம் காலை ஏழு மணிக்கு ஒரு மணி நேரம். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறேன். பொல்லாத ஆள். "ஊஞ்சல் வருது, ஊஞ்சல் வருது", "அரே, எங்க ஓடுற, விழட்டும் மொதல்ல", "அது நான் இல்ல, அது யாரோ ஒரு இன்ஜினியர்". நேற்று ஒரு நல்ல ஓட்டத்தைக் கடைசி நொடியில் தவறவிட்டபோது கெட்ட வார்த்தை சொன்னாள், மூன்று பாஷையிலும். பேச்சு கொஞ்சம் குழற ஆரம்பித்திருக்கிறது. நான் கேட்காததுபோல் இருக்கிறேன். அவளும் சொல்லாததுபோல் இருக்கிறாள்.

எனக்கே தெரியாதது எவ்வளவோ இருந்திருக்கிறது. தலைகீழாகும் இடத்தில் அவள் பாட்டைக் கேட்கவே மாட்டாளாம், மனசுக்குள் எண்ணுவாளாம். கடைசிக் கோட்டில் வேண்டுமென்றே தடைக்குக் கிட்டே போவாளாம், நான் பார்த்துக் கத்த வேண்டும் என்பதற்காகவே. எட்டு வருடம் பார்த்தேன். இதெல்லாம் புள்ளியில் விழாது.

இன்று காலை ஆடி முடித்தேன். நடுவில் ஓர் அடி விட்டேன், மூச்சும் விட்டேன். பதிந்ததை ஓடவிட்டோம். உமா முழுவதும் பார்த்தாள். குறை எதுவும் சொல்லவில்லை.

"ம். இது நான்" என்றாள்.

அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

"அடுத்தது நீலம்" என்றாள்.

"எது?"

"ஜூன்ல அனுப்பினேன்ல. கோணல் ஊஞ்சல், பயந்து பயந்து எம்பறது. கடைசியா ஓடினது என் போன்ல ஒண்ணு கெடக்கு. அதப் பாத்துக் கத்துக்கோ. நான் சொல்லித்தரேன், வாய் இருக்கும்போதே கத்துக்கோ."

"அது எதுக்கு உமா? அது வேணாமே."

"வேணும்" என்றாள். "அதுவும் நான்தான்."

போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.